பிள்ளையின் நாவை எம்மொழியால் அளப்பது?

‘பேச்சு வராத பிள்ளை’ என்று ஒரு பிள்ளையின்மேல் முத்திரை குத்துதல் எளிது. குத்திய முத்திரையை அழித்தல் அரிது. கடலூர் முதல் சிதம்பரம் வரை தெருவுக்குத் தெரு முளைத்துள்ள ஆங்கிலவழி மழலையர் பள்ளிகளில் மூன்று அகவைப் பிள்ளைகள் கொண்டுபோய்த் தள்ளப்படுகின்றனர். வீட்டில் தாயோடும் பாட்டனோடும் ஓயாது தமிழ் பேசிய பிள்ளை, வகுப்பில் ஆங்கில வினாவுக்கு வாய் திறவாமல் நிற்கிறது. உடனே, ‘இதற்குப் பேச்சு வளர்ச்சி குன்றியுள்ளது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்’ என்று பெற்றோர்க்கு அறிவுரை வழங்கப்படுகிறது. இந்த அறிவுரைக்கு அறிவியலில் இடமே இல்லை.

இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சுக்குறை உண்டாவதில்லை. மெய்யான மொழிக்குறை, பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தலைகாட்டும். தமிழில் தங்குதடையின்றிப் பேசி ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு இருப்பது குறையன்று. கற்கவேண்டிய அயன்மொழி ஒன்று, அவ்வளவே.

இவ்விரண்டையும் பிரித்தறிதலே பள்ளியில் பணியாற்றும் இருமொழிப் பேச்சுப் பயிற்றுநரின் முதற்கடமை. அவர் முதலில் செவிப்புலனை ஆய்விப்பார். ஏனெனில் கேளாத காது, பேசாத வாயாகத் தோன்றுதல் உண்டு. பின்னர், வீட்டில் எவரெவர் எம்மொழியில் பேசுகின்றனர் என்று தாயிடம் கேட்டறிவார். படங்காட்டிக் கதை சொல்லச் செய்து, இரு மொழிகளிலும் பிள்ளையின் பேச்சைப் பதிவு செய்வார். அடுக்களைப் பொருள்களைத் தமிழிலும் வகுப்பறைப் பொருள்களை ஆங்கிலத்திலுமாக ஒரு பிள்ளை அறிந்திருக்கலாம். இரண்டையும் கூட்டி எண்ணுவதே முறை. ஒன்றை மட்டும் எண்ணுவோர், பாதிச் செல்வத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வறியதென்பர்.

தமிழின் அமைப்பை அறியாதவர் இப்பணியைச் செய்தல் இயலாது. ‘அம்மா வந்தாள்’, ‘மாடு வந்தது’ என எழுவாய்க்கேற்ப வினைமுற்றை முடிப்பதிலும், வேற்றுமை உருபுகளை இடமறிந்து சேர்ப்பதிலும் தமிழ்ப் பிள்ளையின் மொழி வளர்ச்சி விளங்கும். ஆங்கிலப் பிள்ளைகட்கென ஆக்கிய தேர்வு இவற்றைத் தொடுவதே இல்லை. பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘இசுகூல்’ என்னும் பிள்ளை, சொல்லின் முதலில் இரு மெய்கள் சேர்ந்து வாரா என்னும் தமிழ் நெறியையே தன்னையறியாமல் காக்கிறது. ழகரத்தைச் சில வட்டாரங்களில் ளகரமாகவும் சிலவற்றில் யகரமாகவும் ஒலிக்கின்றனர். அங்கு வளரும் பிள்ளைக்குச் செம்மையான ழகரத்தைப் பயிற்றுதல் தமிழாசிரியர் கடமை. அதனை நாவின் நோய் என்று எழுதிவைத்தல் அறியாமை.

தவறான அளவுகோலால் இரு தீங்குகள் விளைகின்றன. குறையில்லாப் பிள்ளை குறையுடையதாகிறது. வீட்டுத் தமிழும் பறிக்கப்பட்டுப் பெற்றோரின் அரைகுறை ஆங்கிலமே அதற்கு உணவாகிறது. இன்னொருபுறம், மெய்யாகவே குறையுள்ள பிள்ளையை, ‘ஆங்கிலம் புதிது, போகப்போக வரும்’ என்று ஆற்றியிருந்து, பயிற்சிக்கு உகந்த இளம் அகவையை வீணாக்குகின்றனர்.

இத்தீங்கை அமெரிக்கா முன்னரே கண்டது. கலிபோர்னிய மாநிலத்தில் இசுப்பானியம் பேசிய பிள்ளைகளை ஆங்கிலத்தில் தேர்ந்து, அறிவு குன்றியோர் வகுப்பில் அடைத்தனர். தாய்மொழியிலும் மீண்டும் தேர்ந்தபோது, வழக்குத் தொடுத்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியோரல்லர் என்பது புலனாயிற்று. ‘தயானா வழக்கு’ எனப்படும் அவ்வழக்கு 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. 1975-இல் அந்நாட்டு நடுவணரசு இயற்றிய சட்டம், இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே தேர்வு நடைபெறல் வேண்டும் என்று வகுத்தது. ஆங்கிலத்தைத் தலைமேற் கொண்ட நாட்டிலேயே இந்நெறி நிலைபெற்றிருக்க, ஆங்கிலம் வீட்டுமொழியல்லாத தமிழ்நாட்டில் தமிழ்ப் பிள்ளையை ஆங்கிலத்தால் அளப்பது எவ்வகை நயன்மை?

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் பேச்சுக்குறையைத் தனியே எண்ணவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே 21 வகைகளுள் ஒன்றாகப் பேச்சு, மொழிக் குறையைச் சேர்த்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. ஏட்டிலுள்ள இவ்வுரிமைகளைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுசேர்க்கும் ஆளே இன்று தேவை.

அவ்வாளை ஆக்கும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, கழுத்து, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாதலைத் தொல்காப்பியப் பிறப்பியல் முறைப்பட விளக்குகிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் மொழியியல் துறையும் மருத்துவக் கல்லூரியும் அருகருகே உள்ளன. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி மொழியின் அமைப்பை ஆராய்ந்து 1970-இலேயே நூல் வெளியிட்டது அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

இவ்விடத்தில் தமிழன்பர் ஒன்றை நெஞ்சில் நிறுத்தல் வேண்டும். தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் நரிக்குறவப் பிள்ளை வாய்மூடி நின்றால், அதன் பேச்சையும் வாக்ரிபோலியில் கேட்டறிந்த பின்னரே தீர்ப்புச் சொல்லல் வேண்டும். பல மொழியினர் வாழும் நெய்வேலியில் தெலுங்குப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் இதுவே முறை. தனக்குக் கேட்கும் நயன்மையைப் பிறர்க்கு மறுப்போன் அதனைக் கேட்கும் தகுதியை இழக்கிறான்.

ஆகவே, ஒன்றியந்தோறும் தமிழறிந்த பேச்சுப் பயிற்றுநர் ஒருவரேனும் நிலையாகப் பணியமர்த்தப்படல் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளின் இயல்பான பேச்சை அகவைவாரியாக ஆராய்ந்து, மாநிலம் முழுமைக்கும் பொதுவான தமிழ்த் தேர்வுகள் ஆக்கப்படல் வேண்டும். மொழியியலாரும் மருத்துவரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி இது.

அரசு செய்யும் வரை பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பிள்ளையின் பேச்சில் ஐயம் எழுந்தால் காலந்தாழ்த்தாது செவியையும் பேச்சையும் ஆய்விக்க. ‘எம் பிள்ளையைத் தமிழில் பேசவிட்டுப் பார்த்தீரா?’ என்று முதலில் வினவுக. பார்க்கவில்லை என்பது விடையாயின், அவர் எழுதித்தரும் தீர்ப்பை ஏற்காதொழிக. எக்கரணியம் கொண்டும் வீட்டில் தமிழை நிறுத்தற்க.