முதல் கூடாரம் மாந்தோப்பில் போடலாம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியைக் கிளப்புவது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வழக்கம். நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என வரம்பும் வந்தது. ஊட்டி வேண்டாம் என்று முடிவெடுத்த வீடுகளுக்குக் கைப்பேசியில் இன்னொரு வழி காத்திருக்கிறது: காட்டோரக் கூடாரம், கேம்ப் ஃபயர், இரவுச் சாப்பாடு, தலைக்கு இவ்வளவு. படத்தைப் பார்த்ததுமே அப்பா ஜிபேயில் முன்பணம் போட்டுவிடுகிறார். அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்டே ஆக வேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது. யானை, தீ, வெள்ளம் மூன்றும் முன்னறிவிப்பில்லாமல் வருபவை. பெரியவர்களே ஓடித் தப்ப முடியாத இடத்தில் ஆறு வயதுக் குழந்தையை உறங்க வைப்பதைச் சாகசம் என்று சொல்ல முடியாது.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டிலேயே அடைத்து வைக்க வேண்டியதில்லை. வெட்டவெளியில் குடும்பத்தோடு இரவு தங்குவது நமக்குப் புதிதும் அல்ல. பாபநாசம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைக்கு, தென்மாவட்டக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு போய்க் குடில் போட்டுத் தங்குகின்றன. அது புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை இப்போது தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டது. குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்களும் ஜமுக்காளம், சோற்றுப் பானை, கயிறு, அரிவாள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கட்டுவார்கள். பாட்டிகளுக்குத் தெரிந்த இந்தத் திட்டமிடல்தான் விளம்பரக் கூடாரங்களில் காணாமல் போகிறது.

குழந்தையின் முதல் கூடார இரவுக்கு உகந்த இடம் சொந்த ஊர்த் தோப்புதான். மாமாவின் மாந்தோப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். பிள்ளை நடு இரவில் அழுதால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தென்னைக்கு அடியில் மட்டும் கூடாரம் போடக் கூடாது, மட்டையும் காயும் விழும். காய்ந்து கிடக்கும் ஓடை மணல் மெத்தென்று இருக்கும்தான், ஆனால் மேலே மலையில் கோடை மழை கொட்டினால் தண்ணீர் நேராக அங்கேதான் வரும். இடி கேட்டால் கூடாரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

நைலான் கூடாரம் மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும். எனவே பொழுது சாய்ந்த பிறகு கட்டினால் போதும். கழியை நீட்டுவதையும் முளை அடிப்பதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். சாப்பாட்டுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் புளிச்சோறும் கெடாமல் தாங்கும். புதர் ஓரத்தில் படுக்கக் கூடாது. அங்குள்ள நுண்பூச்சிகள் கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் உண்டு. ஊர் திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சலும், உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கும் தெரிந்தால், தோப்பில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு டார்ச் அவசியம். இரவு இரண்டு மணிக்கு ‘அம்மா, ஒண்ணுக்கு’ என்று எழும் குழந்தைக்குப் போகும் வழியைப் பகலிலேயே காட்டிவைப்பது அதைவிட அவசியம்.

விளக்கை அணைத்தால் மற்றதை வானம் பார்த்துக்கொள்ளும். மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் வளைந்து போகும் திசையிலேயே பார்வையை நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. தெற்கே தாழ்வாகத் திரிசங்கு. நகரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றைக் கண்டிருப்பார்கள்?

தோப்பும் சொந்த ஊரும் வாய்க்காத குடும்பங்களுக்கு அரசுதான் வழி செய்ய வேண்டும். 2024-ல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. அதே ஒழுங்கோடு, யானை வழித்தடங்களுக்கு அப்பால், கழிப்பறையும் குடிநீரும் காவலும் உள்ள குடும்பக் கூடாரத் திடல்களை மாவட்டந்தோறும் அமைக்கலாம். அனுமதி பெற்ற தனியார் இடங்களின் பட்டியலைக் கோடை விடுமுறைக்கு முன்பே வெளியிடலாம். அதுவரை, பெற்றோர் முன்பணம் அனுப்புவதற்கு முன் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.