வெடி வைக்குமுன் ஆய்வு வேண்டும்

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1851ஆம் ஆண்டு கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. காலனி ஆட்சிக்கு நிலக்கரி தேடித் தருவதே அதன் முதற்பணி. அத்துறையின் அதிகாரி ராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய மனிதனின் தொன்மை பற்றிய ஆய்வுக்கு அக்கண்டுபிடிப்பே வழி திறந்தது. நிலத்தைத் தோண்டுமுன் அதனை ஆராய வேண்டும் என்ற பாடத்தை நமது ஆட்சியாளர்கள் இன்னும் கற்கவில்லை.

கர்நாடகத்தின் பெல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு குன்றுகள் இதற்குச் சான்று. அங்குள்ள ஹிரேகுட்டா குன்றில் புதிய கற்கால மக்கள் டாலரைட் பாறையை உடைத்தெடுத்து, செதுக்கி, தேய்த்துக் கோடரிகள் செய்தனர். கழித்த சில்லுகளும், பாதியில் கைவிட்ட கோடரிகளும், தேய்த்த பள்ளங்களும் உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டுகின்றன. அது ஓர் ஆதித் தொழிற்கூடம். மன்னன் பெயரோ கோபுரமோ அங்கில்லை. உழைப்பின் தடயமே உண்டு. அத்தகைய குன்றுகளைத்தான் கிரானைட் குவாரிகள் அரித்துத் தின்றன. கப்பகல்லு பாறைச் செதுக்கல்களும் சேதமுற்றன.

சட்டம் என்ன செய்கிறது? 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அடுத்த 200 மீட்டரில் ஒழுங்குபடுத்துகின்றன. பட்டியலில் ஏறாத இடத்துக்கு இந்தக் காப்பு இல்லை. ஆராயப்படாத இடம் பட்டியலில் ஏறுவதும் இல்லை. குத்தகை வழங்குமுன் தொல்லியலாளர் நிலத்தில் இறங்கி ஆராய வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இங்கில்லை. பிரான்சிலோ, 2001ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய முன்னாய்வுக்கான செலவைத் திட்டத்தை மேற்கொள்வோர் மீதே சுமத்தியது.

கல்லுடைக்கும் தொழிலாளியின் பிழைப்பைக் காட்டி முதலாளிகள் இதை எதிர்ப்பர். உண்மையில் ஆய்வின்றிக் குத்தகை தந்து, பின்னர் வழக்கு வந்து வேலை நின்றுபோகும்போது முதலில் கூலி இழப்பவர் அத்தொழிலாளியே. முன்கூட்டியே ஆராய்ந்தால் குவாரியை வேறிடத்துக்கு மாற்ற முடியும், வேலையும் நிலைக்கும்.

எனவே, கனிமக் குத்தகைக்கும் பெரும் கட்டுமானங்களுக்கும் தொல்லியல் ஆய்வை முன்நிபந்தனையாக்க வேண்டும். செலவைத் திட்ட உரிமையாளர் ஏற்க, ஆய்வைப் பொதுத்துறை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்த வேண்டும். அறிக்கை உள்ளூர் மொழியில் கிராமசபையின் முன் வைக்கப்பட வேண்டும். ஆய்வுக்காக வேலை நிற்கும் நாட்களுக்குத் தொழிலாளருக்கு முழுக்கூலி வழங்க வேண்டும்.

ஜல்லியாகிவிட்ட பாறையை எந்த அரசாணையாலும் மீட்க முடியாது. உழைக்கும் மக்களின் ஆதி வரலாற்றைக் காக்கும் இக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் தங்கள் கோரிக்கையாக ஏற்றுப் போராட முன்வர வேண்டும்.