நோவறியாக் கை

கொழுந்து கிள்ளும் கையை நம்மில் எத்தனை பேர் உற்று நோக்கியிருக்கிறோம்? வட்டவளையைக் கடந்து, றொசல்லயில் நின்று, அட்டனுக்கு ஏறும் புகையிரதத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவெங்கும் பெண்களின் விரல்கள் செடிமேல் ஓடிக்கொண்டேயிருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு கணம் கூடும். கொழுந்து கைக்குள் வரும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் விழும். காலைப் பெரட்டு முடிந்து மலையேறியது முதல் மாலை நிறுவை வரை எத்தனை ஆயிரம் முறை கூடிப் பிரிகின்றன அவ்விரல்கள்! அந்தக் கைக்குள் நடப்பது யாது என்பதையும், அதனை ஆராய்ந்த ஒருவரின் கதையையும் இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

விரலின் பலம் விரலிலேயே இருக்கிறது என்று எண்ணுவோர் பலர். மாணவர்கள் இதனை உடனே சோதித்துப் பார்க்கலாம். இடக்கையால் வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி விரியுங்கள். தசை திரள்வது முன்கையிலேதான். விரல்களுக்குள் அவற்றை இயக்கும் தசை ஒன்றேனும் இல்லை. தசைநாண்கள் எனப்படும் வெண்ணிற வடங்கள் முன்கையிலிருந்து புறப்பட்டு, மணிக்கட்டைக் கடந்து சென்று, விரலெலும்புகளை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின் நின்று நூலிழுப்பது போன்றதே இது.

ஆயினும் முன்கைத் தசைகள் மட்டும் போதா. உள்ளங்கைக்குள்ளே மெல்லிய சிறு தசைகள் பல உள்ளன. விரலின் அடிமூட்டை மடக்கி, மற்றை மூட்டுகளை நிமிர்த்தி வைப்பவை அவையே. அவை செயலிழந்தால் பெருந்தசைகளின் இழுவையைத் தடுப்பாரில்லை. விரல் நுனிகள் சுருண்டு, கை பருந்தின் கால்போல் வளைந்துவிடும். தொழுநோயாளர் சிலரிடம் காணப்படும் வளைந்த கை இத்தகையதே.

இந்தக் கையை நிமிர்த்த முயன்றவர் டாக்டர் போல் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவரெனினும் அவர் பிறந்த மண் தமிழ் மண். 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையிலே, சமயத் தொண்டாற்றிய தம்பதியரின் மகனாக அவர் பிறந்தார். சேலத்தையும் திருச்சியையும் பூர்வீகமாகக் கொண்ட மலையகக் குடும்பங்களுக்குக் கொல்லிமலை அயலூர் போன்றதன்றோ! படிப்புக்காக ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், முதலில் மருத்துவம் பயிலவில்லை. கட்டடத் தொழிலிலே சேர்ந்து தச்சும் கொத்தும் கற்றார். அவ்வாண்டுகள் வீணாயின என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பாரம் எங்கே விழுகிறது, இழுவை எங்கே செல்கிறது என்று பார்க்கும் கண்ணை அந்தத் தொழிலே அவருக்கு அளித்தது என்பது நமது துணிபு. பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று, போர்க்காலக் குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்து, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்வையிடச் சென்றார். அதனை நடத்தியவர் தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற டாக்டர் றொபேட் கொக்ரேன். அங்கே வளைந்த கையுடைய ஓர் இளைஞனிடம் தமது கையைக் கொடுத்து, “இயன்றவரை அழுத்து” என்றார் பிராண்ட். அடுத்த கணம் வலி தாளாது துடித்தார். இளைஞனின் நகங்கள் அவர் கையைத் துளைத்துவிட்டன! செத்துப்போன கை என்று உலகம் கைவிட்ட கைக்குள் இத்துணைப் பலம் எங்கிருந்து வந்தது?

விடை நரம்பிலே கிடைத்தது. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான இடங்களை விரும்புவது. ஆகவே தோலுக்கு அண்மையில் நரம்புகள் ஓடும் இடங்களில், அதாவது முழங்கைக்குச் சற்று மேலும் மணிக்கட்டருகிலும், அவற்றைத் தாக்குகிறது. மணிக்கட்டில் தாக்குண்ட நரம்பு, அதற்கு முன்னரே முன்கைத் தசைகளுக்குக் கிளைகளைக் கொடுத்து முடித்துவிடுகிறது. எனவே உள்ளங்கைச் சிறுதசைகள் மாளினும், முன்கைப் பெருந்தசைகளிற் பெரும்பாலானவை நலமாகவே எஞ்சுகின்றன. எஞ்சிய தசையொன்றை இடம் மாற்றி, மாண்ட தசையின் வேலையை அதனிடம் ஒப்படைத்தால் என்ன?

விரல் ஒவ்வொன்றையும் மடக்க மேலொன்றும் ஆழத்திலொன்றுமாக இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று சமாளிக்கும். அவற்றுள் மேலதை ஒரு விரலிலிருந்து அவிழ்த்து, நான்கு இழைகளாகக் கிழித்து, ஒவ்வோர் இழையையும் ஒவ்வொரு விரலுக்குச் செலுத்தினர். அடிமூட்டின் உட்புறமாகச் சென்று விரலின் புறப்பக்கத்தில் அவ்விழையை இணைத்தால், ஒரே இழுவையில் அடிமூட்டு மடங்கும். மற்றை மூட்டுகள் நிமிரும். இழை மூட்டின் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓட வேண்டும், எவ்வளவு இறுக்கமாகத் தைக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. நெம்புகோல் பற்றி நாம் வகுப்பறையில் கற்பிக்கும் அதே கணக்குத்தான். தசைநாண் மாற்றம் வேறு காயங்களுக்கு முன்பே செய்யப்பட்டதுண்டு. தொழுநோய்க் கையில் பிராண்ட் அதனை 1948இல் தொடங்கினார். தசைகளின் பலத்தையும் அவை நகரும் தூரத்தையும் அளந்து அவர் எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது.

சத்திரசிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு விரலை மடக்கப் பழகிய தசை, இப்போது நான்கு விரல்களுக்கு வேறொரு பணியைச் செய்ய வேண்டும். மூளைக்கு இதனைக் கற்பிக்க வாரக்கணக்கிற் பயிற்சி தேவைப்பட்டது. சோற்றைப் பிசைந்து உருட்டித் தன் கையாலேயே உண்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை அந்நோயாளரே அறிவர். ஆயினும் எதிர்பாராத முறைப்பாடு ஒன்றும் வந்தது. இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை இடுவதில்லை என்றனர் சிலர். நோய்த் தழும்பைக் கண்டு வேலை கொடுப்பாருமில்லை. கையைத் திருத்தியவர் அக்கைக்கு ஒரு தொழிலையும் தேடித்தர வேண்டியதாயிற்று. வேலூர் வளாகத்திலே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. தச்சும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன.

அங்கேதான் பெரிய கேள்வி பிறந்தது. தொழுநோயிலே சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்பது அன்றைய பொது நம்பிக்கை. மருத்துவர் பலரும் அவ்வாறே எண்ணினர். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். நிலத்திலே இரத்தத்துளி! சாவி அவன் விரலை எலும்பு தெரிய வெட்டியிருந்தது; அவனுக்கோ அது தெரியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரத்தைப் பற்றியது, ஆணி குத்தியது, சுத்தியலை அளவுமீறி இறுகப் பிடித்தது என ஒவ்வொன்றாகத் துலங்கின. சிலருக்கு இரவில் விரல் நுனி காணாமற் போவது மட்டும் விளங்கவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, உறங்குபவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது! நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. அந்தத் தொல்லை நின்றது. சதை அழுகவில்லை. வலி என்னும் காவலன் இல்லாத கை, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

பாதத்தின் கதை இதனினும் நுட்பமானது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பினால் வகுத்துப் பெறுவது. உடலின் பாரம் பாதம் முழுவதும் பரவினால் தீங்கில்லை. ஓரிடத்தில் குவிந்தால் அவ்விடம் கன்றும். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் நிலையத்துக்குச் சென்றபின், எலிகளின் பாதத்தில் பொறியினால் மிதமான அழுத்தத்தைப் பல்லாயிரம் முறை கொடுத்து ஆராய்ந்தனர். முதல் நாளில் வீக்கமும் சூடும் மட்டுமே. அடுத்தடுத்த நாட்களிலும் அதே இடத்தில் தொடர்ந்தபோது புண் உண்டாயிற்று. நலமுள்ள நாம் நெடுந்தூரம் நடந்தால், நம்மையறியாமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறிடத்துக்கு நகர்த்துகிறோம். உணர்விழந்த பாதமோ முதலடிபோலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறது.

அவ்வாறாயின் புண்பட்ட பாதத்துக்கு மருந்து களிம்பன்று, பாரத்தைப் பரப்புதல். இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நினைவுகூர வேண்டும். கொழும்பில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்றோய் போல், 1930களிலேயே தொழுநோயாளரின் பாதப் புண்ணைப் பாரிசுச் சாந்துக் கட்டினால் முழுமையாகப் பொதிந்து, அவர்கள் நடமாடிக்கொண்டே குணமடையச் செய்தார். பாதத்தோடு ஒட்டிப் படியும் அக்கட்டு பாரத்தை எங்கும் பகிர்ந்துவிடும். இம்முறையை அமெரிக்காவிற் பரப்பியவர் பிராண்ட். இன்று உலகெங்கும் நீரிழிவுப் புண்ணுக்குச் செய்யப்படும் சிறந்த சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று. இலங்கையில் முளைத்த ஒரு முறை நம் பாடநூல்களில் இடம்பெறாதது வியப்பே!

நீரிழிவும் தொழுநோயும் வெவ்வேறு நோய்கள். எனினும் பாதத்தின் உணர்வைக் கொல்வதில் இரண்டும் ஒன்றே. தொழுநோய் இன்று மருந்தினால் முற்றாகக் குணமாகிறது. 1980கள் முதல் கூட்டு மருந்து வழங்கப்படுகிறது. இலங்கையில் இன்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மறைக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. சீனி வருத்தமோ லயத்திலும் நகரிலும் எங்கும் உண்டு. “சீனிப் புண் ஆறாது” என்று கூறிக் காலை இழக்க விடுவோர் இன்னும் இருக்கின்றனர். பாரத்தை நீக்கி, கிருமியையும் சர்க்கரையையும் அடக்கி, இரத்தவோட்டத்தையும் கவனித்தால் அவற்றுட் பல ஆறுகின்றன.

மலையகத்துக்கென்றே உரிய ஆபத்தும் ஒன்றுண்டு. குளிருக்கு அடுப்பருகே காலை நீட்டிக் குளிர்காய்வது நம் வீடுகளில் வழக்கம். பாதம் மரத்துப்போன முதியவர், கொப்புளம் எழும்பிய பின்னரும் அறியாது அமர்ந்திருப்பார். அத்தகையோர் இருக்கும் வீட்டில் இரவுதோறும் பிள்ளைகளேனும் அவர்களது உள்ளங்காலைப் பார்த்தல் நன்று. வெந்நீரை அவர்கள் காலில் ஊற்றுமுன் மற்றொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். சப்பாத்தை அணியுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். கிளினிக் செல்லும் நாளில், வைத்தியர் கேளாவிடினும், செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டிவிட்டே வர வேண்டும்.