கருவிக்காக முதியவரா? முதியவருக்காகக் கருவியா?

"பல் போன வயதில் செல்போன் எதற்கு? பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கக் கூடாதா?" என்று கேட்கிறவர்கள் நாட்டிலே இருக்கிறார்கள். முப்பது ஆண்டு ஆலையிலே உழைத்து, பஞ்சுத் தூசியை நெஞ்சிலே ஏற்றி, மக்களை ஆளாக்கிவிட்டவர், ஓய்வு பெற்ற மறுநாளே மூலைக்குரிய பொருளாகிவிட வேண்டுமாம்! தேய்ந்த துடைப்பத்துக்கும் அவருக்கும் வேறுபாடில்லை என்பது அந்த மேதாவிகளின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டோம்.

தனிமை, பொழுது போகாதவரின் புலம்பல் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகக் கூறுகிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 8,71,000 சாவுகளுக்கும் தனிமைக்கும் தொடர்புண்டு என மதிப்பிடுகிறது. மணிக்கு நூறு உயிர்! 2018-இல் பிரிட்டனும் 2021-இல் ஜப்பானும் தனிமைத் துயரைக் கவனிப்பதற்கென்றே அமைச்சருக்குப் பொறுப்பளித்தன. வேலையற்றுப் போயா செய்தன?

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அன்று படிப்பகம் இருந்தது. தேநீர்க்கடைப் பலகை இருந்தது. ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பார்கள். கேட்ட பத்துப் பேரும் வாதிடுவார்கள். கண் மங்கியவருக்கும் அங்கே இடமிருந்தது. இன்று அந்தப் பேச்சு முழுவதும் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. கிழவர் மட்டும் வெளியே நிற்கிறார்!

ஆகவேதான் கேட்கிறோம்: முதியோரை மனிதரோடு சேர்த்து வைக்கும் செயலி வேண்டும். அடுத்த தெருவில் பழைய ஆலைத் தோழர் யார் இருக்கிறார், மாலையில் சதுரங்கம் ஆட எங்கே கூடுகிறார்கள், மருத்துவமனைக்குத் துணை வருபவர் யார் - இவற்றைச் சொல்லும் செயலி வேண்டும்.

ஆனால் இன்றுள்ள செயலிகளின் இலட்சணம் என்ன? எழுத்து எறும்பளவு. வெள்ளைத் திரையிலே வெளிறிய சாம்பல் நிறத்தில் அந்த எறும்பு ஊர்கிறது. ஓ.டி.பி. எண் வருகிறது, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினாலோ, தமிழ்ச் சொல்லின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. இவ்வளவும் செய்துவிட்டு, "பெரியவருக்குப் புரியவில்லை" என்கிறார்கள்! கதவைக் குட்டையாக வைத்தவன் தச்சன். தலை இடிபட்டவன் குற்றவாளியா?

விதி இல்லையா? இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும், எழுத்தை இருமடங்காக்கினாலும் செய்தி சிதையக் கூடாது என்று இணையத்துக்கான உலகத் தர நெறிகள் கூறுகின்றன. அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவையை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமை முதியவரின் வாசலுக்கு மட்டும் வராதா?

நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: தமிழில் பேசினால் கேட்க வேண்டும்; தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும். நெல்லைப் பேச்சும் கோவைப் பேச்சும் அதற்குப் புரிய வேண்டும். பொத்தான் கைபேசி வைத்திருப்பவரும், ஓர் எண்ணை அழைத்து அதே உதவியைப் பெற வேண்டும்.

இரண்டு: பாதுகாப்பு. தனித்திருக்கும் முதியவரின் பட்டியல், மோசடிக்காரனுக்குக் கிடைத்த புதையல்! முகவரியும் தொலைபேசி எண்ணும் அயலார் கண்ணில் படவே கூடாது. துணைக்கு வருபவர் யாரென்று விசாரித்தறிந்த பிறகே அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கூடாது.

மூன்று: வெற்றியை அளக்கும் கோல் மாற வேண்டும். எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தார் என்பது வணிகனின் கணக்கு. எத்தனை முறை செருப்பை மாட்டிக்கொண்டு நண்பரைக் காணப் புறப்பட்டார் என்பதே நமது கணக்கு.

நான்கு: செயலியை வடிவமைக்கும் மேசையில் முதியவருக்கும் நாற்காலி வேண்டும். அரைகுறையாக இருக்கும்போதே அவர் கையில் கொடுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே பிழை; அவரிடத்தில் அன்று, கருவியில்!

தோழர்களே! செயலி வரும் வரை கைகட்டி நிற்க வேண்டுமா? முதியோருக்கான இலவச உதவி எண் 14567, 2021 முதல் நாடெங்கும் இருக்கிறது. இணைய மோசடியை முறையிட 1930 இருக்கிறது. சுவரெழுத்து எழுதிப் பழகிய கைகள் நம்முடையவை. இந்த இரண்டு எண்களையும் படிப்பகச் சுவரிலே, கண் மங்கியவரும் படிக்கும் அளவில் எழுதுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், தெருவிலுள்ள ஒரு பெரியவரின் பக்கத்தில் அமருங்கள். கைபேசியைப் பிடுங்கி நீங்களே அழுத்தாதீர்கள்; அவர் விரலால் அழுத்தச் செய்யுங்கள்.

முதல் அழைப்பு, பல நாள் பேசாத பழைய தோழருக்குப் போகட்டும்!