புகார் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

பக்கத்து வீட்டுச் சத்தம் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, என் கவலை சத்தத்தை விட, சத்தம் தாங்கவில்லை என்று சொன்னவரின் பெயர் தெரு முழுக்கத் தெரிந்துபோவதைப் பற்றி.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, எழுபதை நெருங்குகிறவர். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஒன்றிரண்டு அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். பின்பக்க வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை தவறாமல் ஆட்டம் பாட்டம். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். முதலில் அவரே நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தார். "சரிங்க ஆன்ட்டி" என்றார்கள், அவ்வளவுதான். ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் 100-க்குப் போன் செய்தார்.

ரோந்து வண்டி வந்தது. சீக்கிரமே வந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த அம்மாவின் நம்பருக்குத் திருப்பி அழைத்து, "வெளிய வாங்கம்மா, எந்த வீடுன்னு காட்டுங்க" என்றார். இவரும் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் வந்து நின்றார். மாடியிலிருந்து பத்துப் பதினைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "பாட்டைக் குறைங்கப்பா, இந்த அம்மா கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்காங்க" என்று கீழே நின்றபடியே சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று தெருவுக்குக் கேட்கிற பாட்டு. அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று காட்ட ஒரு வயதான பெண்ணை நடுராத்திரியில் வாசலுக்குக் கூப்பிட வேண்டுமா?

அன்றைக்குப் பாட்டு நின்றது. மறுநாளிலிருந்து வாசலில் குப்பை. போட்ட கோலத்தின் மேல் பைக். தெரு வாட்ஸ்ஆப் குழுவில், பெயர் போடாமல், அடுத்தவர் சந்தோஷமாக இருந்தால் சிலருக்குப் பொறுக்காது என்று ஒரு செய்தி, அதன் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். அந்தக் குழுவில் இந்த அம்மாவும் இருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை அதே இரண்டு பாக்ஸ், இந்த முறை அவருடைய படுக்கை அறை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவர் மறுபடி போன் செய்யவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொள்கிறார். கணவர் காதிலும் வைக்கிறார். அவரால் அதை எடுக்கவும் முடியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது. திருவிழா போன்ற நாட்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை அரசு தளர்வு கொடுக்கலாம். சனிக்கிழமை என்பது திருவிழாக் கணக்கில் வராது. சொந்த வீட்டில் சொந்த ஸ்பீக்கர் வைத்தாலும், வீட்டு எல்லையில் அளந்தால் அந்தப் பகுதிக்கான அளவை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தன் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும், வெளியே போய் அடுத்தவரைத் தொல்லை செய்யும் சத்தத்தை எழுப்ப யாருக்கும் உரிமை கிடையாது.

(கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு மட்டும்: டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 45-க்கும் 65-க்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம். அதுவும் போக, வழக்கமாக அளக்கும் முறையில் "டும் டும்" என்கிற அடித்தொனி குறைவாகவே பதிவாகும். சுவரைத் தாண்டி நெஞ்சில் இடிப்பது அதுதான். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, நீங்கள் சும்மா சொல்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆக விதி இருக்கிறது. விதியைக் கேட்கப் போனவருக்கு மறைப்பு இல்லை. இதைத்தான் நான் பெரிய குறை என்கிறேன்.

34 வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள் நான். ஒரு வகுப்பில் ஒரு பெரிய பையன் சின்னவர்களின் தின்பண்டத்தைப் பிடுங்குகிறான் என்று வையுங்கள். ஒரு பிள்ளை வந்து காதோடு சொல்கிறது. உடனே வகுப்புக்குள் போய், "ஏன்டா பிடுங்கினே? இதோ இவ சொல்றாளே" என்று எந்த டீச்சராவது கேட்பாரா? கேட்டால் அந்தப் பிள்ளை சாயங்காலம் அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போகும், அப்புறம் ஜென்மத்துக்கும் எந்தப் பிள்ளையும் எதையும் சொல்ல வராது. இன்டர்வெல் நேரத்தில் வேப்ப மரத்தடியில் போய் நாமே நின்று பார்ப்போம். கண்ணால் பார்த்துப் பிடிப்போம். சொன்ன பிள்ளையின் பேர் நம் வாயில் வரவே வராது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இதை யாரும் பாடமாக எடுக்கவில்லை, வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே புரிந்துவிடும்.

சத்தம் விஷயத்தில் இது இன்னும் சுலபம். திருட்டு என்றால் பார்த்த சாட்சி வேண்டும். கடன் தகராறு என்றால் கொடுத்தவர் வந்து பேச வேண்டும். சத்தத்துக்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தினாலே அதிகாரியின் காது போதும். அவரே கேட்கிறார், அவரே மணி பார்க்கிறார், அவரே நிறுத்தச் சொல்கிறார். போன் செய்தவர் தகவல் கொடுத்தவர் மட்டும்தான். அவர் யார் என்று மாடியில் இருப்பவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய ஒரு வழக்கில், புகார் செய்பவரின் அடையாளத்தைக் கேட்காமலேயே போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும், புகார் செய்தவர் பகைக்கு ஆளாகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது அந்த மாநிலத்துப் போலீசுக்கு இட்ட உத்தரவு, நம் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் மாநில எல்லையில் நின்றுவிடுமா என்ன?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். "என் மேல் யார் மனு கொடுத்தார், நகல் வேண்டும்" என்று எதிர்வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம். ஆனால் அதே 2005-ஆம் வருஷச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு, வெளியிட்டால் ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் என்றாலோ, சட்டத்தை நடைமுறைப்படுத்த நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவர் யார் என்று தெரிந்துவிடும் என்றாலோ, அதைத் தர வேண்டியதில்லை என்கிறது. அந்தப் பிரிவை நினைக்காமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. அலுவலகங்களில் இருக்கும் என் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு தரம் படியுங்கள்.

அந்த அம்மா கதையில் எனக்கு ரொம்ப வலித்த இடம் இன்னொன்று. பிறகு அவர் எழுத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்தவர், "வீட்ல பேஷன்ட் இருக்காருன்னு போட்டாத்தான் எடுபடும்" என்று சொல்லி, கணவரின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை நகல் எடுத்து இணைக்கச் செய்திருக்கிறார். என்ன நோய், என்ன மாத்திரை, தானாகச் சிறுநீர் போக முடியாதது வரைக்கும் அதில் இருக்கிறது. அந்தக் காகிதம் எத்தனை மேஜை கடந்ததோ, தெருவில் ஒருவர் அதைப் பற்றி விசாரிக்கிறார்! ஒரு காலத்தில் கம்பீரமாக வேட்டி கட்டி நடந்த மனுஷர் அவர்.

தூங்குவதற்கு டாக்டர் சீட்டு எதற்கு? 45 டெசிபல் என்பது நோயாளி உள்ள வீட்டுக்கு மட்டும் என்று விதியில் இல்லை. முப்பது வயது ஆரோக்கியமான ஆளுக்கும் ராத்திரி தூங்க உரிமை உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சை, கைக்குழந்தை, இதய நோய் என்று காரணம் சொல்லிச் சொல்லி நம் வீட்டு அந்தரங்கத்தை நாமே மனுவில் ஒட்டிக் கொடுக்கிறோம். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்களே, அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி ஐயா தீர்ப்பு வந்தபோது தொண்ணூறைத் தாண்டியவர். வயதானவர்களின் அந்தரங்கத்துக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, இதற்கு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் போனில் பேசிய ஒரு பழைய மாணவன், "டீச்சர், அப்படின்னா மொட்டைக் கடுதாசியை ஆதரிக்கிறீங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மொட்டைக் கடுதாசியால் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போன ஆசிரியர்களைப் பார்த்தவள் நான், அதன் விஷம் எனக்குத் தெரியும். வேறு பகையை மனதில் வைத்துக்கொண்டு, சாதியை வைத்து, சாமியை வைத்து, பிடிக்காத வீட்டின் மேல் வாராவாரம் புகார் போடுகிறவர்களும் உண்டு.

ஆனால் நான் கேட்பது வேறு. மொட்டைக் கடுதாசியில் எழுதியவர் யார் என்று அதிகாரிக்கும் தெரியாது. இங்கே அதிகாரிக்குத் தெரிகிறது, நம்பர் அவர் கையில் இருக்கிறது. பொய்ப் புகார் என்றால் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். தெருவுக்குத்தான் சொல்லாதே என்கிறேன். மேலும் சத்தப் புகாரில் பொய் சொல்வது கஷ்டம். வண்டி வந்து நின்றால் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கோட்டாட்சியரிடமோ நீதிமன்றத்துக்கோ வழக்காகப் போனால் பெயர் வெளியே வரத்தான் செய்யும். தன்மேல் வழக்குப் போட்டது யார் என்று தெரிந்துகொள்ள எதிராளிக்கும் உரிமை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டைக் குறைக்கச் சொல்வதற்கு அந்த அளவு தேவையா என்பதுதான் என் கேள்வி.

பெயர் வெளியே வந்தால் அடி யாருக்கு விழுகிறது என்றும் பாருங்கள். சொந்த வீடு, நாலு அண்ணன் தம்பி, வாசலில் கார் உள்ளவரை யாரும் ஒன்றும் செய்வதில்லை. வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றிக் கதை கட்டுகிறார்கள். தெருவில் வேறு சாதி, வேறு மதம் என்று ஒரே ஒரு வீடு இருந்தால், அது சத்தப் பிரச்சினையாகவே இருக்காது, வேறு பிரச்சினை ஆகிவிடும்.

இப்போது மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் பேத்தியே கேட்பாள். சத்தம் போடுகிற வீட்டுக்கும் அந்தரங்கம் உண்டு. ஆதாரம் எடுக்கிறேன் என்று மாடியிலிருந்து எதிர்வீட்டு விசேஷத்தை வீடியோ எடுத்து, அதில் ஆடுகிற பெண் பிள்ளைகளின் முகத்தோடு வாட்ஸ்ஆப்பில் போடுகிறார்கள். இது மகா தவறு. சத்தத்துக்கு ஆதாரம் சத்தம்தான், முகம் எதற்கு? உங்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து, உங்கள் சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். மணியும் சத்தமும் அதில் வந்துவிடும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை அதிகாரியிடம் மட்டும் காட்டுங்கள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கேமரா மாட்டுவதெல்லாம் வேண்டாம்.

போன் செய்யும்போதே, "என் பெயரையும் நம்பரையும் அந்த வீட்டில் சொல்லாதீர்கள், என்னை வெளியே கூப்பிடாதீர்கள், வீட்டு அடையாளம் இதோ" என்று சொல்லிவிடுங்கள். மனு எழுதினால் முதல் பத்தியிலேயே பெயரை இரகசியமாக வைக்கும்படி எழுதுங்கள், நோய்ச் சீட்டை இணைக்காதீர்கள். முடிந்தால் நாலைந்து வீட்டுக்காரர்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒருவரைக் குறிவைப்பார்கள், ஐந்து பேரைக் குறிவைக்க யோசிப்பார்கள்.

காவல்துறையில் இருக்கும் என் பிள்ளைகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ராத்திரி ரோந்தில் தூக்கம் கெட்டு நிற்கிறீர்கள், உங்கள் கஷ்டம் டீச்சருக்குப் புரிகிறது. "ரோந்து வந்தோம், சத்தம் கேட்டது, நிறுத்துங்க" என்று சொன்னால் போதும்ப்பா. அது பொய்யும் இல்லை. உங்களுக்கும் கேட்டதுதானே! யார் சொன்னது என்று அவர்கள் கேட்டால், "என் காது சொல்லுச்சு" என்று சொல்லுங்கள். இதில் நடைமுறைச் சிக்கல் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

மற்றவர்களும் உங்கள் ஊரில் எப்படி என்று எழுதுங்கள். எழுதும்போது தெருப் பெயர், வீட்டுக்காரர் பெயர் போடாதீர்கள், போட்டால் அந்தப் பின்னூட்டத்தை எடுத்துவிடுவேன். அந்த அம்மா யார் என்று உள்பெட்டியில் வந்து கேட்க வேண்டாம். என் தங்கை நேற்றிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை.