சொல்லும் அதன் சுற்றமும்

‘வாடை வீசுகிறது’ என்று நெம்மேலிக் கடற்கரையில் படகு தள்ள நிற்கும் மீனவர் ஒருவர் சொன்னால், அவர் வடக்கிலிருந்து வரும் காற்றைச் சொல்கிறார். அதே தொடரை நம் வீட்டு அடுக்களையில் ஒருவர் சொன்னால், மீன் கழுவிய பாத்திரத்தைத்தான் நாம் நோக்குவோம். சொல்லும் ஒன்று; அது கொண்டு முடியும் வினையும் ஒன்று; பொருளோ இரண்டு. இவ்வேறுபாட்டை நாம் உணர்வது எங்ஙனம்? கணிப்பொறிக்கு அதனை உணர்த்துவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் ஒன்றே என்பது நம் கருத்து.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்துகிறது. வினையால் பொருள் வேறுபடுவது ஒன்று. அவ்வாறு வேறுபடாதது மற்றொன்று. பொருளைத் தெளிவதற்கு வினை, இனம், சார்பு என மூன்று வழிகளையும் அது காட்டுகிறது. ‘மா’ பூத்தது என்றால் மரம். ஓடிற்று என்றால் விலங்கு. இங்கு வினையே போதும். வாடைக்கு அது போதாது. படகு, வலை, அலை என உடன்வரும் இனமும், பேசுவோர் நிற்கும் சார்புமே துணை செய்யும்.

மேலைநாட்டில் 1954இல் செல்லிக் ஹாரிஸ் என்னும் மொழியியலறிஞர், சொற்கள் வரும் சூழல்களின் ஒப்புமைக்கும் பொருளின் ஒப்புமைக்கும் தொடர்புண்டு என்று எழுதினார். 1957இல் இங்கிலாந்தின் ஃபிர்த், ஒரு சொல்லை அதன் சுற்றத்தால் அறியலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். அதே 1957இல் ஹாரிசின் மாணவரான நோம் சாம்ஸ்கி, ஒரு வாக்கியம் இலக்கணமுடையதா என்பதைப் புள்ளியியல் நிகழ்தகவு கொண்டு தீர்மானிக்க இயலாது என வாதிட்டார். எண்ணுவோரும் விதி காண்போரும் அன்று முதல் பெரும்பாலும் தனித்தனி வழியே நடந்தனர். 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘வேர்டுடூவெக்’ என்னும் முறை, ஒவ்வொரு சொல்லையும் அதன் சுற்றத்தைக் கொண்டு ஓர் எண்வரிசையாக்கியது. ஒத்த சூழலில் வரும் சொற்கள் அருகருகே அமைந்தன. எண்ணுவோர் வென்றுவிட்டனர் என்ற பேச்சும் எழுந்தது.

தமிழை அறிந்தோர் அதனை அவ்வளவில் ஒப்ப இயலாது. ‘கடலை தின்றான்’ என்பதில் கடலை ஒரு தின்பண்டம். ‘கடலைக் கண்டான்’ என்பதில் அது ஐயுருபேற்ற கடல். உருபு விரிந்து நின்றதனால் வல்லெழுத்து மிக்கது. அந்த ஓர் ஒற்றே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. இடைவெளி கண்ட இடத்தில் சொல்லை வெட்டும் பொறிக்கோ கடலை, கடலைக், கடலைத், கடலைப் என்பன நான்கு தனிச்சொற்கள். 2018இல் தமிழ் உள்ளிட்ட 157 மொழிகளுக்கு எண்வரிசைகளை வழங்கிய ‘ஃபாஸ்ட்டெக்ஸ்ட்’ முறை, சொற்களை எழுத்துத் துண்டுகளாக்கி இக்குறையை ஓரளவு குறைத்தது. எனினும் எழுத்துத் துண்டு வேறு. பகுதி, விகுதி, உருபு என நாம் பிரிப்பது வேறு. பகுபத இலக்கணமும் புணர்ச்சி இலக்கணமும் அறிந்தோர் உடனிருந்தால், குறைந்த நூல்திரட்டைக் கொண்டே பொறி நிறையக் கற்கும்.

அதே வேளையில், எண்ணுவோரிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. வாடையைச் சங்கப் பாடல்களில் கற்பிக்கும் நாம், அச்சொல் நம் கடற்கரையில் இன்றும் உயிரோடிருப்பதை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறோம்? வழக்கைத் திரட்டி எண்ணாத இலக்கணம் பழைய எடுத்துக்காட்டுகளிலேயே நின்றுவிடும்.

இது கணினித் துறையின் பணியன்றோ என்று சிலர் கேட்கலாம். ‘பள்ளி’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். செய்தித்தாளில் அதன் சுற்றம் மாணவர், ஆசிரியர், தேர்வு. நம் இல்லங்களில் அதன் சுற்றம் பாங்கு, தொழுகை, ஜமாஅத். சொல்லுக்கு ஒரே எண்வரிசை தந்த முறைகளில் சிறுபான்மை வழக்கு பெரும்பான்மை வழக்கினுள் கரைந்துவிடும். பின்வந்த மாதிரிகள் வாக்கியந்தோறும் வெவ்வேறு எண்வரிசை தருகின்றன. தொல்காப்பியர் சொன்ன சார்பை நோக்கி அவை நடக்கின்றன எனலாம். ஆயினும் நம் வாக்கியங்கள் அவற்றின் முன் வைக்கப்படாதபோது எந்தச் சார்பைக் கற்கும்?

சுற்றம் பிழையானால் விளைவது என்ன என்பதற்கும் சான்றுண்டு. 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்டோர், ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியைச் சோதித்தனர். முஸ்லிம்களைப் பற்றி ஆங்கிலத்தில் தொடங்கிய தொடர்களை அது பலமுறை வன்முறைச் செய்தியாகவே முடித்தது. பொறிக்குப் பகையில்லை. தான் படித்த எழுத்தில் அச்சொல்லுக்கு வாய்த்த சுற்றத்தையே அது திருப்பிச் சொன்னது.

பொருளுக்குப் பொருள் தேடினால் அதற்கு எல்லையில்லை என்றும், உணர்தல் என்பது உணர்வோரையே பற்றி நிற்பது என்றும் உரியியல் உரைக்கிறது. உணர்வோராகிய நாம் ஒதுங்கி நின்றால், பிறர் சேர்த்த சுற்றமே நம் சொற்களுக்குப் பொருளாகிவிடும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் நெம்மேலிக் குப்பத்திலும் நம் தெருக்களிலும் வழங்கும் சொற்களைத் திரட்டுங்கள். சொல்லைத் தனியே குறிக்காமல் வாக்கியத்தோடு குறியுங்கள். யார், எங்கே, யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். உருபும் ஒற்றும் விடுபடாதிருக்கட்டும். சமுதாயப் பெரியவர்கள் தம் பழைய கடிதங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் ஜமாஅத் அறிக்கைகளையும் படியெடுக்கத் தந்துதவ வேண்டும். இலக்கணத்தையும் எண்ணிக்கையையும் இணைக்கும் பணி அத்தகைய ஒரு குறிப்பேட்டிலிருந்தே தொடங்கும். அக்குறிப்பேட்டைத் தமிழ்த்துறையே திறக்கட்டும்.