நாய் தூக்கிய கபாலம்

சென்னையில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்தால், வீட்டில் ஏதாவது ஒரு புது விளையாட்டு ஆரம்பமாகும். போன தடவை எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தாள் (எனக்கு வைத்ததை எழுதுவதற்கில்லை). இந்தத் தடவை, கரண்ட் போன ஒரு ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தாள்.

“தாத்தா, பழைய நாடகங்கள்லேர்ந்து ஒரு கேரக்டரை நீங்க ஃப்ரெண்டு புடிச்சுக்கலாம். ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம். ஒருத்தரை நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கலாம். யார் யாருன்னு சொல்லுங்க.”

“கல்யாணத்தை மட்டும் எடுத்துடேன்” என்றேன். இருட்டில் என் மனைவியின் விசிறி நின்றது கேட்டது.

பேத்தி தன் லிஸ்ட்டை ரெடியாக வைத்திருந்தாள். நட்புக்கு ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப். கல்யாணத்துக்கு ஒருத்தனும் தேறவில்லையாம். கேள்வி கேட்க துஷ்யந்தன். “மோதிரம் தொலைஞ்சா பொண்டாட்டி மூஞ்சி மறந்துடுமா? ஆதார் இல்லேன்னா அரிசி இல்லேங்கற மாதிரி?”

என் மனைவி யோசிக்கவே இல்லை. “எனக்கு அரிச்சந்திரன். ஃப்ரெண்டு, கல்யாணம் எதுவும் வேணாம். நேரா கேள்விதான். சந்திரமதியை ஏலம் போட்டானே, போடறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? உண்மை பேசறவன் தன்னை மொதல்ல வித்துக்கட்டுமே. எங்க ஊர்ல விடிய விடிய கூத்து நடக்கும். எல்லாரும் மயான காண்டத்துல அழுவாங்க. நான் ஏலம் போடற எடத்துலயே எழுந்து வந்துடுவேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இதுவரை எதையும் ஏலம் போட்டதில்லை. அடகு வைத்ததுண்டு.

“நீங்க தாத்தா?”

“எனக்கு வெளியூர்க்காரங்க வேணாம். நம்ம ஊர்க்காரங்க நாலு பேர் இருக்காங்க” என்றேன்.

உண்மைதான் ஸார். காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில், இட்லி என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த ஊர்த் தெருவில் நடப்பதாக ஒரு காமெடி எழுதப்பட்டிருக்கிறது. எழுதினவர் ஏதோ ஏழைப் புலவர் இல்லை. ஊரின் ராஜாவே எழுதினார். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். மாமல்லபுரத்துக்குப் பேர் கொடுத்த மாமல்லன் நரசிம்மவர்மனின் அப்பா. ஒரு பக்கம் சாளுக்கியப் புலிகேசியோடு சண்டை, இன்னொரு பக்கம் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் குகைக் கோயில். இதற்கு நடுவில் உட்கார்ந்து ‘மத்தவிலாச பிரகசனம்’ எழுதியிருக்கிறார். வந்தவாசி ரோட்டில் உள்ள மாமண்டூர் குகைக் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சில் கொண்டுவந்தார். கேரளத்துக் கூடியாட்டக்காரர்கள் அதை விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சம்ஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்த நாடகம். நான் தமிழில் படித்தேன்.

கதை சின்னது. சத்தியசோமன் என்று ஒரு காபாலிகன். கையில் ஒரு மண்டையோடு. அதுதான் அவனுக்குப் பிச்சைப் பாத்திரம், சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் எல்லாம். வாசம் ஏகம்பத்தில். நம் ஏகாம்பரநாதர் கோயில்தான் அது என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். கூட, தேவசோமை என்று தோழி. இரண்டு பேருக்கும் நல்ல போதை. அந்தப் போதையில் அவளை வேறு ஒரு பெயரில் கூப்பிட்டுவிடுகிறான். ‘யார் அவ?’ என்று பிடித்துக்கொள்கிறாள். இனிமேல் குடியையே தொட மாட்டேன் என்கிறான். உடனே தேவசோமை பதறிப்போய், எனக்காக உங்கள் விரதத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று காலில் விழுகிறாள். குடிப்பதுதானே விரதம்!

அடுத்த ஸ்டாப் மதுக்கடை. அதை ஒரு யாகசாலையோடு ஒப்பிட்டு அங்குலம் அங்குலமாக வர்ணிக்கிறான். ஊற்றும்போதுதான் தெரிகிறது, கபாலத்தைக் காணோம். ஆபத்துக்குத் தோஷமில்லை என்று மாட்டுக் கொம்பில் வாங்கிக் குடித்துவிட்டுத் தேடக் கிளம்புகிறார்கள். கபாலத்துக்குள் சுட்ட கறி இருந்ததாம். ஆகவே எடுத்தது ஒரு நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு புத்த பிக்குவாக இருக்க வேண்டும். இதுதான் அவன் துப்பறிகிற லட்சணம்.

நாய் எதிரே வரவில்லை. பிக்கு வந்தார்.

நாகசேனர் என்று பெயர். ஒரு வியாபாரி வீட்டில் மீனும் கறியுமாக விருந்து முடித்துவிட்டு விகாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். இத்தனை சௌகரியங்களை அனுமதித்த புத்தர் மதுவையும் மாதுவையும் மட்டும் கூடாது என்றிருப்பாரா, கிழட்டு பிக்குகள்தான் அந்த ஏட்டை ஒளித்திருப்பார்கள் என்று அவருக்கு ஒரு கவலை. தன் பாத்திரத்தை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறார். போதாதா?

பிடித்துக்கொண்டார்கள். தேவசோமை பாய்ந்து பிக்குவின் குடுமியைப் பிடிக்கிறாள். மொட்டைத் தலையில் குடுமி ஏது? தொப்பென்று விழுகிறாள். பாவம் என்று பிக்கு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால், ‘ஐயோ, என் பெண்டாட்டியைப் பாணிக்கிரகணம் பண்ணுகிறான்’ என்று இவன் கத்துகிறான். 1989-இல் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டார்களே, அதற்குக் கொள்ளுத் தாத்தா இது.

பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். அவருக்கோ தேவசோமை மேல் ஒரு பழைய கண். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், இவனிடம் விகாரத்துப் பணமெல்லாம் இருக்கிறது, நியாயாதிபதிகளின் வாயை அடைத்துவிடுவான் என்கிறாள் தேவசோமை. யாருடைய கோர்ட்? எழுதிக்கொண்டிருக்கிற ராஜாவின் கோர்ட்! இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மகேந்திரவர்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். மதச் சண்டையும் கோர்ட்டும் இந்த ஊருக்குப் புதிதில்லை. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்கு நடந்த கதையை இங்கே குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அதைப் பார்த்து ஆளுகிறவரே சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு பைத்தியக்காரன் வருகிறான். கையில் கபாலம். நாயிடமிருந்து பிடுங்கினானாம்.

“சரி தாத்தா, இதுல யாரைக் கட்டிக்கப் போறீங்க?”

“யாரையும் இல்லை. இந்த நாடகமே எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? சூத்திரதாரி ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டான். மொதல் சம்சாரம் கோபமா இருக்காங்க. அவங்களைச் சமாதானப்படுத்தத்தான் நாடகமே போடறான்.”

“நாடகம் போட்டா சமாதானம் ஆயிடுவாங்களா?” என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. கல்யாணம் அத்தோடு முடிந்தது.

நட்புக்கு முதலில் நாகசேனரைத்தான் நினைத்தேன். கூட உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் பேசுவதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே இருக்கும். பாசுபதர் வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி ஆட்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

நிக்க வைத்துக் கேள்வி கேட்க சத்தியசோமன்தான் என்று முடிவு செய்திருந்தேன். மனசுக்குள் ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் அவனை மடக்கினேன்.

‘யோவ், உன் கபாலம் வெள்ளை. பிக்கு எடுத்துக் காட்டினது கறுப்புப் பாத்திரம். அப்புறமும் விடலியே?’

‘கலர் மாத்திட்டான்.’

‘எடுத்ததைப் பாத்தியா?’

‘பாக்கல.’

‘பின்ன என்னய்யா ஆதாரம்?’

‘தொலைஞ்சது என்னோடது. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?’

இந்தக் கடைசி பதில் நாடகத்தில் இல்லை. என் வாயிலிருந்து வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கிறது, 1978-இல்.

அப்போது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் நான். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள, கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அனேகமாகப் பையனாக இருப்பான். பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன். இப்போதுள்ள குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல்தான் வந்தது. அதற்கு முன்பு அப்பன்காரன் முன்னூறு நானூறு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவான். எங்கள் தறிக்கு வந்தவனுக்குப் பன்னிரண்டு வயசு. நாடா தள்ளிக்கொண்டே சினிமாப் பாட்டு பாடுவான். தாளம் தப்பாது, நாடாவும் தப்பாது.

ஒரு நாள் ஜரிகை ரீல் ஒன்றைக் காணோம். ஜரிகை என்றால் வெள்ளி. போட்டு நெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். 2008-இல் வந்த ‘காஞ்சிவரம்’ படத்தில் பிரகாஷ்ராஜ் பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு போவாரே, அந்தச் சந்தேகம் எப்போதும் நெசவாளி மேல்தான். நெசவாளிக்குச் சந்தேகப்பட யார் கிடைப்பார்கள்? கூட உட்கார்ந்திருக்கிற பையன்தான்.

அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கொட்டிப் பார்த்தேன். கூழும் ஒரு வெங்காயமும். டவுசர் பையை வெளியே இழுத்துப் பார்த்தேன். “இல்லண்ணே, நான் எடுக்கலண்ணே” என்றான். “அப்ப வேற யாருடா வந்தா இங்க?” என்று கேட்டேன். வேறு யாரும் வரவில்லை என்பது அவனுக்கும் தெரியும். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் அவன் அப்பன் வந்தான். எங்கள் வாசலிலேயே வைத்து அடித்தான். ரீல் விலையைக் கடனில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பையனை வேறு தறிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்து, நெய்து முடித்த சேலையை முதலாளியிடம் கொடுக்க அப்பா தன் மஞ்சள் பையை உதறினார். ரீல் விழுந்தது. ஜரிகை மங்கலாக இருக்கிறது என்று காட்ட எடுத்துப் போனவர் காட்ட மறந்துவிட்டார். எடுத்துப் போனதையும் மறந்துவிட்டார். ரீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்துத் தறி ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நானும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தெருவில் இருந்த பையனைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. கடன் கணக்கிலும் யாரும் அடிக்கவில்லை. அதற்குள் வேறு பையன் வந்து உட்கார்ந்துவிட்டான். இவன் பாட மாட்டான்.

சத்தியசோமன் குடிகாரன். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன். ஆனால் கபாலம் கைக்கு வந்ததும், அதே தெருவில் அத்தனை பேர் முன்னால் பிக்குவிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். பிக்குவும் பெரிதுபடுத்தவில்லை. நாடகம் முடிகிறது. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

“தாத்தா, தூங்கிட்டீங்களா? யாரைக் கேள்வி கேக்கப் போறீங்க?”

“சத்தியசோமனை ஃப்ரெண்டா வெச்சுக்கறேன். கேள்வி கேக்க ஆள் இல்லை” என்றேன். கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் உள்ளே போனார்கள்.

அந்தப் பையன் இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். பையன் என்ன, பேரன் எடுத்தாயிற்று. நான் போனால், “அண்ணே, சக்கரை கம்மிதானே?” என்பான். காசு வாங்க மாட்டான். எத்தனையோ வருஷமாக வாங்கியதில்லை. நான் நீட்டுவேன், கையை ஆட்டிவிடுவான். நானும் பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

மறுநாள் காலை போனேன். கூட்டம் இல்லை. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, “அப்ப எங்க தறியில ஒரு ஜரிகை ரீல் காணாமப் போச்சே...” என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு எப்படிப் போவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

அவன் வடிகட்டியை உதறிக்கொண்டே நிமிர்ந்தான்.

“கெடச்சுதாண்ணே?”

“கெடச்சுது. மூணாவது வாரமே. அப்பா பையில இருந்துச்சு.”

தலையை ஆட்டினான். பாலை ஒரு தடவை ஆற்றினான். இன்னொரு தடவை ஆற்றினான். நான் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னேன். சத்தம் வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

டீயைக் குடித்துவிட்டு இருபது ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். டப்பாவைத் திறந்து, மீதிச் சில்லறையை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான்.